மலையில் காயாத வெள்ளைச் சீருடை

பாடசாலைக்குச் சீருடை வேண்டுமா என்று கேட்டால், தோட்டத்துத் தாய்மார் தயங்காமல் வேண்டும் என்பார்கள். அதற்காக அவர்கள் கொடுக்கும் விலையைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

விடிகாலை நாலரை மணி. லயத்துத் தகரத்தில் மழை விடாமல் அடிக்கிறது. அடுப்பில் ஈர விறகு புகைகிறது. அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு வெள்ளைக் கவுன், இரண்டு சோடி மேஸ். நேற்றுப் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் கழற்றித் துவைத்துப் போட்டவை. தொட்டுப் பார்த்தால் கழுத்துப்பட்டியும் அக்குளும் இன்னும் சில்லென்று இருக்கின்றன. தாய் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்துக்குப் போக வேண்டும். அதற்குள் ரொட்டி சுட்டாக வேண்டும், தேத்தண்ணி ஊற்றியாக வேண்டும், சின்னவனைப் பிள்ளைக் காம்பராவில் விட்டாக வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஸ்திரிக்கைப் பெட்டியைச் சூடாக்கி ஈரச் சட்டையின் மேல் வைக்கிறாள். ஆவி பறக்கிறது. சட்டை ஒருவாறு காய்கிறது, புகை மணம் மட்டும் போவதில்லை.

மழைக்காலத்தில் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவிலிருந்து டயகம வரை எந்த லயத்துக்குள் நுழைந்தாலும் இந்த விடிகாலையைப் பார்க்கலாம். அந்தச் சட்டையைப் போட்ட பிள்ளை தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கி மெயின் ரோட்டுக்கு நடக்கிறது. பஸ் வந்தால் அதிர்ஷ்டம், வராவிட்டால் மீதித் தூரமும் நடைதான். பாடசாலை வாசலில் மாணவத் தலைவர்கள் நிற்பார்கள். சட்டை வெள்ளையாக இருக்கிறதா, டை கட்டியிருக்கிறதா, காலில் சப்பாத்தா செருப்பா என்று பார்ப்பார்கள்.

சீருடை பற்றிய எந்தப் பேச்சும் இந்த அடுப்படியிலிருந்தும் இந்த வாசலிலிருந்தும்தான் தொடங்க வேண்டும். சீருடை இருக்கட்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் அது இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் ஒரு பாடவேளைகூடப் பறிபோகக் கூடாது. மலையகத்தின் குளிருக்கும் மழைக்கும் கூலிக்கும் பொருந்தாத சீருடையைப் பொருந்த வைப்பது அரசின் கடமை. அதைத் தாயின் அடுப்படியில் இறக்கி வைத்துவிட்டு அரசு ஒதுங்கிவிட முடியாது.

இலவசம் வந்த வழி

1945-இல் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. தோட்டத் துரைமாரின் நிர்வாகத்தில், பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்றுதான் அவை கிடந்தன. மூன்று ஆண்டுகளில் மலையகத் தமிழரின் குடியுரிமையும் பறிபோனது. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அரசு அந்தப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980-இல் இலவசப் பாடநூல் வந்தது. 1993-இல், ரணசிங்க பிரேமதாச ஜனாதிபதியாக இருந்தபோது, இலவசச் சீருடைத் துணி வந்தது. அன்று புதுத் துணியைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இன்று நாற்பது வயது தாண்டிவிட்டது. அவர்களில் பலர் இப்போது தங்கள் பிள்ளைகளுக்கான துணிக்காகக் காத்திருக்கிறார்கள்.

இடையில் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். பிறகு மீண்டும் துணிக்கே திரும்பினார்கள். 2022-இல் நாடு வங்குரோத்தானபோது, துணி வாங்க அரசிடம் டொலர் இல்லை. சீனா கைகொடுத்தது. 2023-இல் தேவையில் 70 வீதம், 2024-இல் 80 வீதம், 2025-இல் முழுவதும் சீன நன்கொடை. ஒரு நாட்டின் பிள்ளைகள் அத்தனை பேரும் இன்னொரு நாடு கொடுத்த துணியில் பள்ளிக்குப் போன ஆண்டு அது. அந்த உதவிக்கு நன்றி சொல்ல வேண்டும். அதோடு, அடுத்த ஆண்டுத் துணி எங்கிருந்து வரும் என்றும் கேட்டு வைக்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: 2025 சீருடைத் துணி
• மொத்தம்: ஏறக்குறைய 1 கோடியே 18 இலட்சம் மீற்றர்
• பெறுவோர்: 46 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர், பௌத்தப் பிரிவெனாப் பாடசாலைகளில் பயிலும் துறவிகள் உட்பட
• சராசரியாக ஒருவருக்கு: சுமார் இரண்டரை மீற்றர், அதாவது ஒரு செட்
• சப்பாத்து: சிறிய பாடசாலைகளின் பிள்ளைகளுக்கும் பிரிவெனா மாணவருக்கும் 3,000 ரூபா வவுச்சர்
• கட்டாயக் கல்வி வயது: 5 முதல் 16 வரை (2016-க்கு முன்பு 14 வரை)

துணி இலவசம், உடுப்பு இலவசமில்லை

இரண்டரை மீற்றர் என்பது வெறும் துணி. அதை உடுப்பாக்குவது பெற்றோர் பாடு. தையல் கூலி, நூல், பொத்தான், கவுனுக்கு பெல்ட். அப்புறம் டை, பட்ஜ், மேஸ், சப்பாத்து. நுவரெலியாப் பக்கமென்றால் ஸ்வெட்டரும் வேண்டும், அதுவும் பாடசாலை சொல்லும் நிறத்தில். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் இல்லத்து நிற டீ-சேட். அரசாங்கத் துணி இந்தப் பட்டியலின் முதல் வரி மட்டுமே.

இனிக் கூலியைப் பாருங்கள். 2021-இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் 1,350 ஆக நிர்ணயித்தார்கள். 2026-க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும், வருகைக்காக அரசு தரும் 200 ரூபாவும் சேர்த்து 1,750 என்று அறிவித்தார்கள். கொழுந்து நிறை குறைந்த நாளில் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலிதான். மழையென்று வேலை நின்றால் அதுவும் இல்லை. 3,000 ரூபா வவுச்சர் தருகிறது என்றால், ஒரு சோடிச் சப்பாத்தின் விலை அதுதான் என்று அரசே ஒப்புக்கொள்கிறது. அந்த வவுச்சர் கிடைக்காத பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு, தாய் ஏறக்குறைய இரண்டு நாள் முழுப் பேர் எடுத்தால்தான் காலில் சப்பாத்து ஏறும். மூன்று பிள்ளைகள் என்றால் ஒரு வாரக் கூலி சப்பாத்துக் கடையில் முடிந்துவிடுகிறது.

தவணை தொடங்கும் மாதம் தைப்பொங்கல் மாதமும்கூட. தீபாவளி முற்பணம் சம்பளத்தில் இன்னும் கழிந்துகொண்டிருக்கும். கடைக்கணக்கு ஒரு பக்கம் ஏறியிருக்கும். காதில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகும். இல்லாவிட்டால் அக்காவின் கவுன் தங்கைக்கு இறங்கும். அண்ணனின் சப்பாத்தின் முன்பக்கம் கடதாசி அடைத்துத் தம்பி போட்டுக்கொள்வான். பையன்களுக்கு இன்னொரு கண்டமும் இருக்கிறது. நீலக் கட்டைக் காற்சட்டையிலிருந்து வெள்ளை நீளக் காற்சட்டைக்கு மாறும் ஆண்டில், அதுவரை இருந்த காற்சட்டைகளில் ஒன்றும் பயன்படாது, எல்லாமே புதிதாக வாங்க வேண்டும். பையன் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைக்குப் போகலாமா என்று யோசிக்கத் தொடங்கும் வயதும் ஏறக்குறைய அதுவே.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அன்று ஏறிய விலைகள் பின்னர் சற்று இறங்கினாலும், பழைய அளவுக்குத் திரும்பவில்லை. நெருக்கடிக்கு முன்பே, 2019-இல், தோட்டத் துறையில் 33.8 வீதத்தினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நாட்டின் சராசரி அப்போது 14.3. துணி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில்தான் வருகிறது. அதை உடுப்பாக்கும் வசதி எல்லா வீட்டிலும் ஒரே அளவில் இல்லை.

வெள்ளை, மழை, அட்டை

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில்தான். தை, மாசியில் சில விடிகாலைகளில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அந்தக் குளிரில் சின்னப் பையன்கள் கட்டைக் காற்சட்டையோடு, முழங்கால் தோல் வெடித்து, நடுங்கிக்கொண்டு போகிறார்கள். அம்பாந்தோட்டை வெயிலுக்கும் நுவரெலியாப் பனிக்கும் ஒரே உடுப்பு. ஒரு நாட்டுப் பிள்ளைகள் ஒரே மாதிரி உடுத்த வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். அதற்காக உடம்புக்கு ஒத்துவராததை உடுத்தச் சொல்லலாமா?

வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேல் பருவமழை. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் நாட்கணக்கில் வெயில் முகமே காட்டாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பமே இருக்கிறது. துணி காயப்போட அடுப்புக்கு மேலே தவிர இடமில்லை. ஒரே ஒரு செட் இருக்கும் பிள்ளை அதை ஒவ்வொரு நாளும் துவைக்க வேண்டும். வெள்ளை எதையும் மறைக்காது. பாதைச் சேறு கணுக்கால்வரை தெறிக்கும். தேயிலைச் செடி உரசினால் பச்சைக் கறை. அட்டை கடித்தால் மேஸில் இரத்தம். அட்டை விழுந்த பிறகும் அந்த இடத்தில் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். முதல் பாடவேளையில் மேசைக்கு அடியில் குனிந்து மேஸை மடித்துக் கறையை மறைக்கும் பிள்ளைகளைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் எவரும் பார்த்திருப்பார்.

பெண்பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. மாதவிலக்கு நாளில் வெள்ளைக் கவுன். காலையில் வீட்டைவிட்டு இறங்கினால் பிற்பகல் திரும்பும்வரை, பாதையில் கழிவறை கிடையாது. பாடசாலையில் இருந்தாலும் தண்ணீர் இருக்குமா என்று சொல்ல முடியாது. பின்னால் பையைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டு நடப்பார்கள். கரும்பலகைக்கு எழுந்து வரச் சொன்னால் தலை குனிந்து இருந்த இடத்திலேயே இருப்பார்கள். பலர் அந்த இரண்டு மூன்று நாளும் வருவதே இல்லை. 2024-இல் மாணவிகளுக்குச் சானிட்டரி நாப்கின் வாங்க அரசு வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. நல்ல வேலை. அதே கையோடு, வளர்ந்த பெண்பிள்ளைக்குக் கருநீலப் பாவாடை போட அனுமதி கொடுத்திருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். அதற்குப் பெரிய பணமும் தேவைப்பட்டிராது.

வாசலில் நிறுத்தப்படும் பிள்ளை

சப்பாத்து இல்லாமல் வந்த பிள்ளையை எந்தப் பாடசாலையும் ஏட்டில் எழுதித் துரத்துவதில்லை. நடப்பது வேறு. காலைக் கூட்டத்தில் தனி வரிசையில் நிறுத்துவார்கள். எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு காரணம் கேட்பார்கள். நாளைக்குச் சப்பாத்தோடு வா என்பார்கள். நாளைக்குச் சப்பாத்து வராது என்பது பிள்ளைக்குத் தெரியும். சம்பளம் பத்தாம் திகதிதான். அதனால் நாளைக்குப் பிள்ளையும் வராது. அடுத்த நாளும் வராது. ஒரு வாரம் கழித்து வரும்போது கணக்கில் இரண்டு அலகு தாண்டிப் போயிருக்கும். வகுப்பு புரியாது, வருகை இன்னும் குறையும். இடைவிலகல் என்று பிற்பாடு அறிக்கைகளில் எழுதப்படுவது அந்தத் தனி வரிசையில்தான் தொடங்குகிறது.

சட்டம் 16 வயதுவரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்கிறது. அனுப்பிய பிள்ளையை வாசலில் காலைப் பார்த்து நிறுத்தினால், அந்தச் சட்டத்தை மீறுவது பெற்றோரா, பாடசாலையா? இந்தக் கேள்வியை வலயக் கல்வி அலுவலகங்கள் ஒவ்வொரு அதிபரிடமும் கேட்க வேண்டும்.

எல்லா அதிபரும் இப்படி என்று சொன்னால் அநியாயம். அலுமாரியில் பழைய சப்பாத்துச் சோடிகளைச் சேர்த்து வைத்து, சத்தமில்லாமல் பிள்ளையைக் கூப்பிட்டு அளவு பார்த்துக் கொடுக்கும் அதிபர்கள் மலையகத்தில் இருக்கிறார்கள். தன் சம்பளத்தில் துணி வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். இந்த ஆசிரியர்களில் பெரும்பாலோர் தாங்களும் லயத்தில் பிறந்து, அதே ஈரச் சட்டையோடு படித்து வந்தவர்கள். ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பு அதற்குக் கிடைத்த அதிபரின் மனதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

அப்படியானால் எடுத்துவிடலாமா?

கூடாது. கலர் உடுப்பு என்று வந்தால், முதலில் அடிபடுவது இதே பிள்ளைதான். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நகரப் பாடசாலை வகுப்பில் கடை முதலாளியின் மகளும் கொழுந்து பறிப்பவரின் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். வெள்ளைக் கவுனில் அந்த இருவரையும் தூரத்தில் இருந்து பார்த்து வேறுபடுத்த முடியாது. கிட்ட வந்தால் கழுத்துப்பட்டியின் பழுப்பும் புகை மணமும் சொல்லிவிடும், அது உண்மை. ஆனாலும் அந்தத் தூரம் ஒரு பாதுகாப்பு. ‘தோட்டத்துப் பிள்ளை’ என்ற ஏளனத்துக்கு எதிராகத் தாய் பிள்ளைக்குக் கட்டிவிடும் கவசம் அது. அதனால்தான் நாலரை மணிக்கு எழுந்து ஸ்திரிக்கை போடுகிறாள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. காலை பத்து மணிக்கு ஹட்டன் பஸ் நிலையத்தில் வெள்ளைச் சட்டையோடு ஒரு பிள்ளை நின்றால், ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று நாலு பேர் கேட்பார்கள். தரகர் ஒருவர் வீட்டு வேலைக்கோ கடைக்கோ அழைத்துப்போகும் பிள்ளையின் உடம்பில் சீருடை இருப்பதில்லை. சீருடையில் இருக்கும் பிள்ளையை ஊர் பார்த்துக்கொள்கிறது. மலையகத்தில் இது சின்ன விஷயமல்ல.

வெளியே என்ன கண்டார்கள்?

அமெரிக்காவில் 1994-இல் கலிபோர்னியாவின் லோங் பீச் பாடசாலைகள் சீருடையைக் கட்டாயமாக்கின. 1996-இல் ஜனாதிபதி கிளின்டனே அதைப் பாராட்டிப் பேசினார். 1998-இல் புருன்ஸ்மா, ரொக்கமோர் என்ற இரு சமூகவியலாளர் தேசிய அளவிலான தரவுகளை எடுத்துப் பார்த்தபோது, சீருடையால் ஒழுக்கமோ வருகையோ கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஒழுக்கத்தின் பெயரால் சீருடையை வற்புறுத்துவோர் இதை மனதில் வைக்க வேண்டும்.

நமக்கு நெருக்கமான பாடம் கென்யாவிலிருந்து வருகிறது. அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குத் தைத்த சீருடையை இலவசமாகக் கொடுத்து ஆய்வாளர்கள் வருகையைக் கணக்கெடுத்தார்கள். பள்ளிக்கு வராத நாட்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. அதுவரை சீருடையே இல்லாதிருந்த பிள்ளைகளிடம் பாதிக்கு மேல் குறைந்தன. எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தப் பலன் நிலைத்திருக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஒருமுறை கொடுத்துவிட்டுக் கைகழுவினால் போதாது, ஒவ்வொரு ஆண்டும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பெட்டிச் செய்தி: கடலுக்கு அந்தப் பக்கம்
தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1985-இல் இலவசச் சீருடை தொடங்கியது. இன்று சத்துணவு சாப்பிடும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 4 செட், அளவெடுத்துத் தைத்தே தரப்படுகிறது. தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள். மலைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் உண்டு.

மலைக்கு ஏற்ற உடுப்பு

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலை சரிந்து வீடுகளை மூடியது. மண்ணுக்குள் போன வீடுகளில் புத்தகப்பையும் போனது, புதுத் தவணைக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைத் துணியும் போனது. அப்படி எல்லாம் இழந்துவந்த பிள்ளையிடம் சப்பாத்து எங்கே என்று கேட்க யாருக்கும் மனம் வராது. அந்த மனம் சாதாரண நாளிலும் இருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. வறுமையும் மலையகத்தில் நிரந்தரப் பேரிடர்தான்.

மத்திய மாகாணக் கல்வித் திணைக்களம் நினைத்தால் அடுத்த தவணைக்கே செய்யக்கூடியது ஒன்று: சீருடையையோ சப்பாத்தையோ காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் தனியாக நிறுத்தக் கூடாது, வகுப்புக்கு வெளியே வைக்கக் கூடாது என்று எழுத்தில் அறிவிக்கலாம். சப்பாத்து இல்லாவிட்டால் செருப்பு போதும் என்று அதில் ஒரு வரி சேர்க்கலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

நிறத்தையும் நீளத்தையும் மாற்றக் கல்வி அமைச்சு மனம் வைக்க வேண்டும். உயர்ந்த மலைப் பிரதேசத்துப் பையன்களுக்கு முதலாம் தரத்திலிருந்தே நீளக் காற்சட்டை, பெண்பிள்ளைகளுக்குக் கருநீலப் பாவாடை அல்லது நீளக் காற்சட்டை, எல்லோருக்கும் ஸ்வெட்டர். சப்பாத்து கறுப்பாக இருக்கட்டும், சேறு தெரியாது. முஸ்லிம் மாணவிகளுக்கு அவர்கள் வழக்கப்படி நீளக் காற்சட்டையும் தலைமறைப்பும் உள்ள சீருடையை இந்த நாடு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. பண்பாட்டுக்காக வளைந்துகொடுத்த விதி தட்பவெப்பத்துக்காகவும் வளையலாம்.

சப்பாத்து வவுச்சரைப் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்த பாடசாலை என்று பார்த்துக் கொடுப்பது தோட்டங்களுக்குப் போதாது. ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்தாம் தரம் தாண்டியதும் நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போகிறார்கள். பாடசாலை பெரிதாகிறது, வீடு அதே லயம்தான். வவுச்சர் பிள்ளையின் வீட்டைப் பார்த்து வர வேண்டும்.

தைத்துக் கொடுப்பதில் தமிழ்நாடு வழிகாட்டுகிறது. தையல் பழகிய இளம்பெண்கள் எத்தனையோ தோட்டங்களில் வேலையில்லாமல் இருக்கிறார்கள். வேலையிலிருந்து நின்ற தாய்மாரிலும் தைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். துணியைப் பாடசாலைக்கு அனுப்பும் முன் தோட்ட மகளிர் குழுக்களிடம் கொடுத்து, அளவெடுத்துத் தைத்து வாங்கி, அவர்களுக்குக் கூலி கொடுக்கலாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு செட்டாவது வேண்டும், ஒன்று காயும்போது ஒன்று உடம்பில் இருக்க. இத்தனையும் டிசம்பர் விடுமுறைக்கு முன்னால் பிள்ளையின் கைக்கு வந்துவிட்டால், ஜனவரிச் சம்பளம் பொங்கல் பானைக்குப் போகும்.